கோச்சை மாத்தியாச்சு... கோல் யார் போடுவா?

‘‘டேய்... ரிமோட்டைத் தூக்கிப் போடாத. அது ஹாஸ்டல் சொத்து, ஃபைன் போட்டுருவாங்க!’’

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை ராத்திரி. இடம்: எங்க ஹாஸ்டல் காமன் ரூம். இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் கோவாவின் ஃபட்டோர்டா ஸ்டேடியத்தில் மேட்ச். ஆசியக் கோப்பை தகுதிச் சுற்று. தோத்தா கதை முடிஞ்சுது. 2027-ல் சவுதி அரேபியாவில் நடக்கிற ஆசியக் கோப்பையை நாமளும் இதே டி.வி-யில் உட்கார்ந்துதான் பார்க்கணும்.

14-வது நிமிஷத்தில் சாங்தே தூரத்தில் இருந்து ஒண்ணு விட்டார் பாருங்க... வலைக்குள்ள போய்த்தான் நின்னுது. காமன் ரூமே எகிறிக் குதிச்சது. மேல் மாடியில் படிச்சிட்டிருந்த ஃபர்ஸ்ட் இயர் பசங்க ‘பூகம்பமோ’ன்னு எட்டிப் பார்த்தாங்க. அப்புறம்தான் ஆரம்பிச்சது சோகம். இடைவேளைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது சிங்கப்பூரின் சோங் உய்-யங் ஒண்ணு. 58-வது நிமிஷத்தில் அதே ஆள் இன்னொண்ணு. 1-2. முடிஞ்சுபோச்சு.

ரெண்டு நிமிஷம் யாரும் பேசலை. மூணாவது நிமிஷம்? யாரும் பேச்சை நிறுத்தலை!

‘‘கோச்சை மாத்தணும்டா!’’

‘‘எத்தனை கோச்சைடா மாத்துவ? சேத்ரியை எதுக்குக் கூப்பிட்டாங்க, அதைச் சொல்லு!’’

‘‘சேத்ரி இல்லன்னா நீ போய் ஆடுறியா?’’

வார்டன் சார் வந்து லைட்டை ஆஃப் பண்ணினார். இருட்டிலும் சண்டை தொடர்ந்தது. ‘சரி, இந்தச் சண்டையையே எழுதிடலாம்’னு நோட்டை எடுத்துட்டு உட்கார்ந்துட்டேன். விடிய விடிய கேட்டதில் ஒண்ணு மட்டும் புரிஞ்சது. எங்க ஹாஸ்டல்ல மொத்தம் மூணு கட்சி!

கட்சி 1: கோச் ஒழிக!

இந்தக் கட்சிக்குத் தலைவர் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். இன்ஜின் பார்ட்ஸ் மாதிரி ஒவ்வொரு கோச்சையும் பிரிச்சுப் போட்டுப் பேசுவான்.

‘‘2023 ஜூலையில நாம எங்க இருந்தோம்? ஃபிஃபா ரேங்கிங்ல 99! பெங்களூருல குவைத்தை பெனால்டியில ஜெயிச்சு சாஃப் கோப்பை தூக்கினோம். அடுத்த வருஷம் 2024... 11 மேட்ச். ஒரு ஜெயிப்பு? ஒண்ணுகூட இல்ல! 2025 ஜூலையில ரேங்கிங் 133. ரெண்டே வருஷத்துல 34 இடம் வழுக்கியிருக்கோம். யார் காரணம்?’’

நல்ல கேள்வி. ஆனா, பதிலா அவன் சொல்ற பெயர் மாதத்துக்கு ஒண்ணு மாறும்.

முதல்ல இகோர் ஸ்டிமாச். 1998 உலகக் கோப்பையில் மூணாவது இடம் பிடிச்ச குரோஷியா அணியில் ஆடினவர். 2019-ல் இந்தியாவுக்கு கோச்சா வந்தார். வந்த வருஷமே தோஹாவில், ஆசிய சாம்பியன் கத்தாரை 0-0 என்று தடுத்து நிறுத்தினப்போ, ‘தலைவா’ன்னு கொண்டாடினோம். 2024 ஜனவரி ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா என மூணு பேர்கிட்டயும் தோத்து, ஒரு கோல்கூடப் போடாம திரும்பினப்போ அதே வாய்தான் திட்டுச்சு. மார்ச் மாதம் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தான்கிட்ட 1-2. ஜூனில் ஆளை அனுப்பியாச்சு.

நடுவுல ஒரு ஜோசியக் கூத்து வேற. 2022-ல் ஆப்கானிஸ்தான் மேட்சுக்கு முன்னாடி ஆட்டக்காரங்க பட்டியல் ஒரு ஜோசியர்கிட்ட போச்சு, கட்டம் சரியில்லாதவங்க டீம்ல இல்லைன்னு 2023 செப்டம்பரில் ஓர் ஆங்கில நாளிதழில் செய்தி வந்து நாடே வாயைப் பிளந்தது. ‘ஃபார்ம் பார்த்து டீம் எடுப்பாங்கன்னு நினைச்சேன்... ராசி பார்த்தா?’ன்னு அன்னைக்கு எங்க மெஸ்ஸில் இட்லி ஆறிப்போனதுதான் மிச்சம்.

அடுத்து ஸ்பெயினின் மனோலோ மார்க்கெஸ். எஃப்.சி. கோவாவுக்கும் கோச், இந்தியாவுக்கும் கோச். ‘‘ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கிற மாதிரி மச்சி, ரெண்டுலயும் அரியர்தான் வரும்’’னு மெக்கானிக்கல் அப்பவே சொன்னான். 2025 ஜூனில் ஹாங்காங்கில் கடைசி நேர பெனால்டியில் 0-1. அடுத்த மாதம் அவரும் கிளம்பிட்டார்.

‘அடுத்த கோச் வேணும்’னு ஃபெடரேஷன் விளம்பரம் கொடுத்தப்போ 170 விண்ணப்பம் வந்துதாம். அதில் பார்சிலோனா லெஜண்ட் சாவி பெயர்! எங்க ஹாஸ்டல்ல அன்னைக்கு தீபாவளி. ரெண்டே நாளில் ‘சாவி, கார்டியோலா பெயர்ல வந்த மெயில் உண்மையானது இல்லை’ன்னு ஃபெடரேஷனே அறிக்கை விட்டது. புஸ்வாணம்!

கடைசியில் ‘திமிரு’ படத்துல வில்லனா மிரட்டினாரே... நம்ம ஐ.எம்.விஜயன், அவர் தலைமையிலான டெக்னிக்கல் கமிட்டி மூணு பேரைப் பரிந்துரை பண்ணியது. 2025 ஆகஸ்ட் 1-ல் காலித் ஜமீல் தேர்வானார். 13 வருஷத்துக்கு அப்புறம் ஓர் இந்தியர்! 2017-ல் ஐஸால் என்கிற குட்டி கிளப்பை ஐ-லீக் சாம்பியன் ஆக்கிக் காட்டினவர். வந்த வேகத்தில் தஜிகிஸ்தானை அவங்க ஊர்லயே 2-1 என்று ஜெயிச்சார். செப்டம்பரில் ஓமனை பெனால்டி ஷூட் அவுட்ல முதல் தடவையா வீழ்த்தினார். ‘பார்த்தியா, நம்ம ஆளு நம்ம ஆளுதான்’னு காலரைத் தூக்கிவிட்டோம்.

அக்டோபர் 14 ராத்திரி? ‘‘இவரையும் மாத்தணும்!’’

கவனிச்சீங்களா பாஸ்... ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் 2015-ல் வந்தப்போ இந்தியா 171-வது இடம். 2017-ல் 96. ஆனாலும், ‘பந்தைத் தூக்கித் தூக்கி அடிக்கிறாங்க, போர் அடிக்குது’ன்னு புலம்பினோம். அவர் போனதும் ‘கான்ஸ்டன்டைன் இருந்தப்போ...’ன்னு பெருமூச்சு விட்டோம். இருக்கும்போது திட்டு, போனதும் ஏக்கம். கோச்சும் ஹாஸ்டல் மெஸ் மாஸ்டரும் ஒண்ணு!

கட்சி 2: சேத்ரி வேணும், சேத்ரி வேணாம்

இது கட்சி இல்லை, கட்சிக்குள்ள கோஷ்டி. ஒரே ரூம்ல ரெண்டு கட்டில், ரெண்டு கோஷ்டி.

சுனில் சேத்ரி. இந்தியாவுக்காக 95 கோல். 2024 ஜூன் 6-ல் கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் குவைத்துக்கு எதிரா 0-0. கண் கலங்க விடைபெற்றார். நாங்களும் இங்கே டி.வி முன்னாடி கலங்கினோம். சுபம் போட்டாச்சுன்னு நினைச்சா, ஒன்பது மாசத்துல செகண்ட் பார்ட்! 2025 மார்ச்சில் 40 வயசில் திரும்ப வந்தார். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிரா 3-0. அதில் ஒரு கோல் அவரோடது.

‘‘மாலத்தீவுக்கு எதிரா கோல் அடிச்சா பெரிய விஷயமா? ஆறு நாள் கழிச்சு அதே ஷில்லாங்ல பங்களாதேஷ்கூட 0-0. அவர் ஆடுற ஒவ்வொரு நிமிஷமும் ஒரு இருபது வயசுப் பையனோட நிமிஷம்டா. எப்பத்தான் புதுசா ஒருத்தன் வர்றது?’’ - இது எங்க ஈ.சி.ஈ நண்பன். பாலக்காட்டுக்காரன். அர்ஜென்டினா ஜெர்சியைத் துவைக்கவே மாட்டான்.

எதிர்க் கட்டில் சும்மா இருக்குமா? ‘‘2024-25 ஐ.எஸ்.எல்-ல இந்தியர்கள்ல அதிக கோல் யாரு? சேத்ரி. 14 கோல். நாற்பது வயசுக்காரர்தான் டாப்புன்னா தப்பு அவர் மேலயா, இருபது வயசுக்காரங்க மேலயா? கோச் என்ன பண்ணுவார்? கோல் அடிக்கிறவனைத்தானே கூப்பிட முடியும்!’’

இது எங்க ஊர் கல்யாண வீட்டு சமையல் மாதிரிதான். ‘மாஸ்டருக்கு வயசாயிடுச்சு’ன்னு எல்லாரும் சொல்வாங்க. ஆயிரம் பேர் பந்தின்னு வந்தா, அவரைத்தான் கூப்பிடுவாங்க.

காலித் ஜமீலும் அதே குழப்பத்தில்தான் இருந்திருப்பார்போல. ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்த போட்டிக்கு சேத்ரியைக் கூப்பிடலை. அக்டோபர் சிங்கப்பூர் மேட்சுகளுக்குக் கூப்பிட்டார். நவம்பரில் டாக்காவுக்குப் போன டீமில் சேத்ரி இல்லை. அந்த மேட்சும் 0-1. பங்களாதேஷ்கிட்ட நாம தோத்தது 22 வருஷத்துக்கு அப்புறம்!

கட்சி 3: பாஸ்போர்ட் பார்ட்டி

‘‘பங்களாதேஷைப் பாரு... இங்கிலாந்துல லெஸ்டர் சிட்டிக்கு ஆடின ஹம்சா சௌத்ரியைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அவரோட முதல் மேட்சே நமக்கு எதிராத்தான், ஷில்லாங்ல. நம்ம வம்சாவளிப் பசங்க வெளிநாட்டுல எத்தனை பேர் ஆடுறாங்க! கூட்டிட்டு வந்தா என்ன?’’ - கம்ப்யூட்டர் சயின்ஸ்காரன் கேட்டான். அவனோட கனவே விசா என்பது தனிக் கதை.

பிரச்னை என்னன்னா, இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. இந்தியாவுக்கு ஆடணும்னா இந்திய பாஸ்போர்ட் வேணும். அந்த நாட்டு பாஸ்போர்ட்டை விட்டுட்டு வரணும். ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா அப்படித்தான் வந்து 2013-ல் இந்தியாவுக்கு ஆடினார். 2025-ல் ஆஸ்திரேலியாவின் ரியான் வில்லியம்ஸும் இந்தியக் குடியுரிமை வாங்கி நவம்பர் கேம்ப்புக்கு வந்தார். ‘‘ரெண்டு பேரை வெச்சு டீம் போட முடியுமாடா? கேரம்கூட ஆட முடியாது’’ன்னு மெக்கானிக்கல் நக்கல் பண்ணினான்.

சீட்டு எழுதுங்க மக்களே!

ராத்திரி ஒரு மணி. தொண்டை எல்லாருக்கும் கட்டிப்போச்சு. நான் ஒரு ஐடியா சொன்னேன். ‘‘ஆளுக்கு ஒரு சீட்டு. அவங்கவங்க லெவனை எழுதிக் கொடுங்க. நான்தான் ஃபெடரேஷன்!’’

லேப் அப்சர்வேஷன் நோட்டில் இருந்து பேப்பர் கிழிச்சுக் கொடுத்தேன். (மேடம், மன்னிக்கவும்.) இன்டர்னல் எக்ஸாமில்கூட இப்படி யோசிச்சு எழுதியிருக்க மாட்டாங்க. கால் மணி நேரம் காமன் ரூம்ல ஃபேன் சத்தம் மட்டும்தான்.

சீட்டுகளை வாங்கிப் பிரிச்சா... ஆச்சர்யம்! அவ்வளவு நேரம் வெட்டுக் குத்துன்னு நின்னவங்க சீட்டெல்லாம் முக்கால்வாசி ஒரே மாதிரி. கோல் கீப்பர்னா குர்பிரீத் சிங் சந்து, இல்லன்னா விஷால் கைத். ஸ்டாப்பர்னா சந்தேஷ் ஜிங்கன், அன்வர் அலி. விங்ல சாங்தே எல்லார் சீட்டுலயும். இன்னொரு பக்கம் லிஸ்டன் கொலாசோ. ஒண்ணு ரெண்டு பேர் ஊர்ப் பாசத்துல சென்னைப் பையன் நந்தகுமார் சேகரைச் சேர்த்திருந்தாங்க. தப்பில்லை, எனக்கும் பாசம் உண்டு.

அப்புறம் வந்தது ஒன்பதாம் நம்பர். சென்டர் ஃபார்வர்டு. கோல் போட வேண்டிய ஆள்.

அங்கேதான் எல்லா பேனாவும் நின்னிருக்கு. ஒரு சீட்டில் சேத்ரின்னு எழுதி, அடிச்சு, மறுபடி சேத்ரி. ஒண்ணுல மன்வீர் சிங்னு எழுதி பக்கத்துல கேள்விக்குறி. ஒண்ணுல சென்னையின் எஃப்.சி-யின் இர்ஃபான் யாத்வாட். இன்னொண்ணுல ரஹீம் அலி. சில சீட்டுல வெறும் கோடு. ‘சேத்ரி வேணவே வேணாம்’னு மேஜையைத் தட்டின அர்ஜென்டினா ஜெர்சி எழுதியிருந்த பெயர் என்ன தெரியுமா? ஒண்ணும் இல்லை. பத்துப் பேரோட சீட்டைக் கொடுத்திருந்தான்!

‘‘என்னடா இது?’’ன்னேன்.

‘‘பத்துப் பேரோட ஆடிக்கலாம் மச்சி’’ன்னான். சிரிச்சோம். ஆனா சிரிப்பு சரியா வரலை.

மெக்கானிக்கல் மட்டும் விடலை. ‘‘ஜிங்கனை முன்னாடி ஆட விடுங்கடா! ரஹீம் சாப் பண்ணலையா?’’

அட, நல்ல பாயின்ட்! ஹைதராபாத்துக்காரர் சையத் அப்துல் ரஹீம். ஸ்கூல் வாத்தியாரா இருந்து இந்திய கோச் ஆனவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் டிஃபென்டர் ஜர்னைல் சிங்குக்கு தலையில் அடிபட்டு தையல் போட்டிருந்தாங்க. ரஹீம் அவரை அரை இறுதியிலும் இறுதியிலும் சென்டர் ஃபார்வர்டா இறக்கினார். ஜர்னைல் ரெண்டு மேட்ச்லயும் கோல்! முதல் மேட்சில் எந்த தென் கொரியாகிட்ட 0-2 என்று தோத்தாங்களோ, அதே தென் கொரியாவை இறுதியில் 2-1 என்று ஜெயிச்சு தங்கம். அதுக்கு அப்புறம் ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் இந்தியாவுக்கு தங்கம் வரவே இல்லை.

ஒரு வித்தியாசம் இருக்கு. ரஹீம்கிட்ட அன்னைக்கு சுனி கோஸ்வாமி இருந்தார், பி.கே.பானர்ஜி இருந்தார். முன்வரிசையில் ஆள் இருக்கும்போது செஞ்ச துணிச்சல் அது. இப்ப நிலைமை? 2024 நவம்பரில் மலேசியாவுக்கு எதிரா கோல் போட்டது டிஃபென்டர் ராகுல் பேகே. மாலத்தீவு மேட்சில் முதல் கோலும் பேகே. தஜிகிஸ்தானில் போட்ட ரெண்டு கோலும் அன்வர் அலி, ஜிங்கன். ரெண்டு பேரும் டிஃபென்டர்ஸ்! ஜர்னைல் சிங் ஐடியாவை எந்த கோச்சும் சொல்லாமலே நம்ம டீம் செஞ்சுட்டுதான் இருக்கு. காவலுக்கு வெச்ச ஆள்தான் வீட்டுக்குச் சம்பாதிச்சும் போடுறார்.

‘‘நான் ஒன்பதுதான் ஆடினேன்’’

அதுவரை ஜன்னல் பக்கம் அமைதியா உட்கார்ந்திருந்த சிவில் ஃபைனல் இயர் அண்ணா வாயைத் திறந்தார். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக்காரர். எங்க காலேஜ் டீமில் லெஃப்ட் பேக்.

‘‘மக்கா, நான் ஸ்கூல்ல ஒன்பதாம் நம்பர்தான் ஆடினேன். எங்க ஊர்ப் பக்கம் வள்ளத்துக்குப் போயிட்டு வந்து, மிச்ச நேரமெல்லாம் மணல்ல பந்துதான். இந்தியாவுக்கு ஆடின மைக்கேல் சூசைராஜ்கூட எங்க மாவட்டக் கடற்கரைதான். நானும் ஒருநாள் ஆடுவேன்னு நினைச்சிருக்கேன். பதினஞ்சு வயசுல ஒரு செலக்‌ஷனுக்குப் போனேன். நல்லாத்தான் ஆடினேன். ஒரு கோலும் போட்டேன். அங்க இருந்த சார் கூப்பிட்டு, ‘ஓட்டம் இருக்கு, விங் பேக் ஆடு. பெரிய டீம்ல சென்டர் ஃபார்வர்டுக்கு வெளிநாட்டு ஆள் வந்துருவான். அந்த இடத்துல நின்னா உனக்குச் சோறு கிடைக்காது’ன்னார். அவர் கெட்டவர் இல்ல. நல்லதுதான் சொன்னார். நானும் மாறிட்டேன். அதுக்கப்புறம் கோல் போஸ்ட்டைப் பார்த்து உதைச்சதே கம்மி.’’

யாரும் பேசலை. அவர் தொடர்ந்தார். ‘‘நீங்க கேக்கிற ஒன்பதாம் நம்பர் எங்க போனான்னு தெரியுமா? எங்கேயும் போகல. எங்கேயோ லெஃப்ட் பேக் ஆடிட்டு இருப்பான்.’’

உடம்பு ஒரு நிமிஷம் சிலிர்த்துப்போச்சு.

அடுத்த நாள் அவர் சொன்னதை வெச்சு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஐ.எஸ்.எல் 2014-ல் ஆரம்பிச்சது. முதல் வருஷ கோல்டன் பூட், சென்னையின் அணியின் எலானோ, பிரேசில். அடுத்த வருஷம் அதே சென்னையின் அணியின் மெண்டோசா, கொலம்பியா. அப்படியே வந்தா 2024-25-ல் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டின் மொராக்கோக்காரர் அலாவுதீன் அஜாரை, 23 கோல். மொத்தம் 11 சீஸன். 11 கோல்டன் பூட்டும் வெளிநாட்டு ஆட்டக்காரங்களுக்கே. ஓர் இந்தியர்கூட இல்லை!

காரணம் பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்லை. ஒரு கிளப் ஒரே நேரத்தில் நாலு வெளிநாட்டவரைக் களத்தில் இறக்கலாம்னு 2021-22-ல் இருந்து விதி. அந்த நாலு பேரை எங்கே வைப்பீங்க? கோல் போடுற இடத்தில், பந்தைத் தயாரிச்சுக் கொடுக்கிற நடு இடத்தில், அப்புறம் ஒரு ஸ்டாப்பர். மேட்ச் ஜெயிக்கணும், வேலை தங்கணும். எந்த கிளப் கோச்சும் அதைத்தான் செய்வார். நம்ம பையனுக்கு மிச்சம் இருப்பது விங், பேக், கோல் போஸ்ட். எங்க சீட்டுகளில் எந்தெந்த இடத்துக்குப் பெயர் சுலபமா வந்துதோ, அதே இடங்கள்!

மெக்கானிக்கலிடம் சொன்னேன். அவன் ஒத்துக்கலை. ‘‘ஐ.எஸ்.எல் மேல பழி போடாத. முன்னாடி ஐ-லீக்ல மட்டும் என்ன? ஒடாஃபா, ரான்டி மார்ட்டின்ஸ்னு நைஜீரியக்காரங்கதான் கோலா குவிச்சாங்க. அதே காலத்துலதான் சேத்ரியும் வளர்ந்தார். வெளிநாட்டு ஆட்டக்காரன்கூட மோதினாத்தான்டா நம்ம டிஃபென்டர் தேறுவான். அவங்களை நிறுத்திட்டா தரம் இறங்கிடும்.’’

அதிலும் நியாயம் இருக்கு. ஆனா, அந்த சேத்ரியே 2017-18-ல் பெங்களூரு அணியில் வெனிசுலாக்காரர் மிக்கு நடுவுல ஆட, இடது பக்கம் ஒதுங்கித்தான் ஆடினார். அப்படியும் 14 கோல் போட்டார். அவர் சேத்ரி, ஒதுக்கினாலும் உள்ளே வந்துடுவார். எல்லாரும் சேத்ரி ஆக முடியுமா? ஒதுக்கின இடத்திலேயே தங்கிப்போனவங்க எத்தனை பேரோ!

இதுக்கு நடுவுல 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல் அடுத்த சீஸனையே ‘ஹோல்டு’ல போட்டாங்க. மேட்ச் ஆடாத பசங்களை வெச்சு மேட்ச் ஜெயிக்கணும்னா எந்த கோச்சும் மந்திரவாதியாத்தான் இருக்கணும்.

அதனால என் கட்சி என்னன்னா... நாம விடிய விடிய திட்டுற அந்த 11 பேர் பட்டியலை கோச் எழுதறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே வேற யாரோ பாதி எழுதிடறாங்க. பதினஞ்சு வயசுப் பையனை ‘தள்ளி நில்லு’ன்னு சொல்ற இடத்தில்தான் இந்தியாவோட செலக்‌ஷன் நடக்குது. கோச் வர்றதுக்குள்ள ஒன்பதாம் நம்பர் கட்டம் காலி. அவர் சேத்ரியைக் கூப்பிட்டாலும் திட்டு, கூப்பிடாவிட்டாலும் திட்டு.

அப்போ திட்டக் கூடாதா?

யார் சொன்னது? திட்டணும்!

2018 ஜூன் 1. மும்பையில் இந்தியா சைனீஸ் தைபேயை 5-0 என்று ஜெயிக்குது. சேத்ரி ஹாட்ரிக். ஸ்டேடியத்தில் இருந்தது 2,569 பேர். எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கே அதைவிடக் கூட்டம் வரும். மறுநாள் சேத்ரி ஒரு வீடியோ போட்டார். எங்களைத் திட்டுங்க, விமர்சனம் பண்ணுங்க, ஆனா ஸ்டேடியத்துக்கு வந்து முகத்துக்கு நேரா பண்ணுங்கன்னு கையெடுத்துக் கேட்டார். அடுத்த மேட்ச், கென்யாவுக்கு எதிரா. அவரோட 100-வது மேட்ச். கொட்டுற மழையில் ஸ்டேடியம் ஹவுஸ்ஃபுல்! 3-0.

ஒரு கேப்டன் ரசிகர்கள்கிட்ட ‘திட்டவாவது வாங்க’ன்னு கேட்ட நாடு இது. தோத்தா வலிக்கிறது பரவாயில்லை பாஸ். தோத்ததே யாருக்கும் தெரியலைன்னா அதுதான் வலி. எங்க ஹாஸ்டலில் மான்செஸ்டர் யுனைடெட் தோத்தா மூணு நாள் சோறு இறங்காத ஒருத்தன் இருக்கான். அக்டோபர் 14 அன்னைக்குக்கூட, ‘‘இந்தியாவுக்கு டீம் எல்லாம் இருக்கா?’’ன்னு கேட்டுட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கினவன்.

நவம்பர் 18. டாக்கா மேட்ச். ஆசியக் கோப்பை வாய்ப்பெல்லாம் போயாச்சு, ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒண்ணுதான். யாரும் வர மாட்டாங்கன்னு நினைச்சு காமன் ரூமுக்குப் போனேன். எல்லாக் கட்சியும் ஆஜர்! 12-வது நிமிஷத்துக்குள்ளயே பங்களாதேஷ் கோல். அப்புறம் தொண்ணூறு நிமிஷம் முடியற வரைக்கும் நாங்க தேடினது அதே ஒன்பதாம் நம்பரைத்தான். மேட்ச் முடிஞ்சு வழக்கம்போல சண்டை ஆரம்பிச்சது. பின்னாடி இருந்து ஒரு கை என் தோளைத் தட்டுச்சு. மான்செஸ்டர்காரன்.

‘‘மச்சி, ஒரு பேப்பர் கொடு. நானும் ஒரு லெவன் எழுதறேன்.’’

லேப் நோட்டில் இன்னொரு பக்கம் கிழிஞ்சது.

சிவில் அண்ணா அன்னைக்கும் ஜன்னல் பக்கம்தான். ‘‘அண்ணா, நீங்க மட்டும் சீட்டே கொடுக்கலையே... உங்க ஒன்பதாம் நம்பர் யாரு?’’ன்னு கேட்டேன்.

‘‘எங்க ஊர்ல ஒரு பொடியன் இருக்கான் மக்கா. பத்து வயசு. லெஃப்ட் கால். லீவுக்குப் போனா என்கூடத்தான் ஆடுவான். எங்க நின்னாலும் போஸ்ட்டைப் பார்த்துதான் அடிப்பான், பாஸே பண்ண மாட்டான். எல்லாரும் திட்டுவாங்க’’ என்று சிரிச்சார். ‘‘நான் மட்டும் திட்ட மாட்டேன்.’’

உங்க லெவன் ரெடியா?

உங்க ஹாஸ்டல், டீக்கடை, பஸ் ஸ்டாப் எதுவானாலும் சரி... அடுத்த தடவை இந்தியா ஆடும்போது இந்த விளையாட்டை ஆடிப் பாருங்க.

* ஆளுக்கு ஒரு சீட்டு. பேசக் கூடாது, காப்பி அடிக்கக் கூடாது. (கஷ்டம்தான்!)

* 11 பேரையும் இடத்தோட எழுதுங்க. பெயர் மட்டும் போதாது, யார் எங்கே நிக்கிறாங்கன்னு வேணும்.

* எந்தக் கட்டத்தில் பேனா நின்னுதோ, அதைச் சுத்தி ஒரு வட்டம் போடுங்க.

* அப்புறம் உங்க காலேஜ் டீம் லெஃப்ட் பேக்கைக் கூப்பிட்டு, ‘ஸ்கூல்ல எந்த நம்பர் ஆடினே?’ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

* அதுக்கப்புறம் கோச்சைத் திட்டுங்க. தாராளமா!